தலைகீழாய்த் தொங்கும் தக்காளி



புந்தோங் என்றதும் கச்சாங் பூத்தேயின் மணம் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கோ இடம் போதாத வீடுகள்தாம் நினைவுக்கு வரும். லயத்தில் இருந்த காலத்தில் வீட்டுக்குப் பின்னால் கத்தரி, மிளகாய், கீரை, ஒரு முருங்கை என்று ஏதாவது காய்க்கும். தோட்டம் கைமாறி, லயத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு இன்று மிஞ்சியது அஞ்சடியும் சிறிது சிமெந்துத் தரையுமே. அந்த இடத்திலும் தக்காளி வளர்க்கலாமா என்பதே இன்றைய பேச்சு.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை பள்ளித் தோட்டத்தில் 20 தக்காளிக் கன்றுகளை நட்டோம். நன்றாக வளர்ந்து பூக்கும் வேளையில் ஒவ்வொன்றாக வாடின. இலை பச்சையாகவே இருக்க, தலை தொங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பில் இருந்த பையனை அழைத்து, பிள்ளைகளின் முன்னிலையிலேயே கடிந்துகொண்டேன். "ஊற்றினேன், சார்" என்றான். நான் நம்பவில்லை. சில நாள் கழித்துத்தான் செடியையே சோதித்துப் பார்க்கத் தோன்றியது.

சோதனை மிக எளிது. வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டுங்கள். கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீர் வைத்து, வெட்டுமுனை மட்டும் நீருக்குள் இருக்குமாறு பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெண்மையான இழை கீழ்நோக்கி வடிந்தால், அது பாக்டீரியா வாடல் நோய். மண்ணில் வாழும் கிருமி வேர் வழியாக நுழைந்து, தண்டில் நீரேறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. எவ்வளவு ஊற்றினாலும் நீர் மேலே ஏறாது. எங்கள் குவளையிலும் வெண்ணிழை வடிந்தது. அதே வகுப்பில், அதே பிள்ளைகளின் முன்னிலையில், அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இந்நோய்க்கு மருந்து தெளித்துப் பயனில்லை. கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். தக்காளி மட்டுமன்றி கத்தரி, மிளகாய், இஞ்சி, நிலக்கடலை ஆகியவற்றையும் தாக்கும். தைவானில் 1971-இல் தொடங்கப்பட்ட ஆசியக் காய்கறி ஆராய்ச்சி நிலையம், நோயைத் தாங்கும் கத்தரிவேரில் தக்காளியை ஒட்டுக்கட்டும் முறையைப் பரப்பியது. நம் வீட்டுக்கு அதைவிட எளிய வழி, அந்த மண்ணையே தொடாமல் வளர்ப்பது. வாளி இங்கேதான் உதவுகிறது.

10 லிட்டர் சாயவாளி ஒன்றை நன்றாகக் கழுவி, அடியின் நடுவில் 5 சென்டிமீட்டர் அகலத் துளை இடுங்கள். வாளியை இரண்டு மேசைகளுக்கிடையே துளை வெளியே தெரியும்படி நிறுத்துங்கள். நாலு வாரக் கன்றின் வேரைக் கீழிருந்து துளைக்குள் செலுத்தி, தண்டைச் சுற்றி ஒரு பக்கம் கீறிய பஞ்சுத்துண்டைச் செருகுங்கள். பிறகு கழுவிய தென்னை நார்த்தூளும், செம்பனைக் குலைக் கழிவு மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். பழைய காய்கறிப் பாத்தி மண்ணை எடுக்காதீர்கள். அதில் கிருமி இருக்கலாம்.

நனைந்த வாளி ஏறக்குறைய 10 கிலோ கனக்கும். ஆகவே கூரைத் தகட்டிலோ தண்ணீர்க் குழாயிலோ தொங்கவிடாமல், உறுதியான உத்தரத்தில் கொக்கி போட்டு மாட்டுங்கள். பிள்ளைகள் தலைக்கு மேல் வேண்டாம். காலை வெயில் படும் ஓரமே நல்லது. மாலைமழை நேராக இலையில் விழாத இடமாயின் இலைநோய் குறையும்.

தலைகீழாக நட்ட செடி அப்படியே தொங்குமா என்று கேட்பீர்கள். தொங்காது, நுனி வளைந்து மேல்நோக்கித் திரும்பும். மிளகாய்ச் சட்டி ஒன்றை ஓரிரவு படுக்க வைத்துப் பாருங்கள், காலையில் நுனி நிமிர்ந்திருக்கும். புவியீர்ப்பை உணரும் செடி, தண்டின் கீழ்ப்பக்கத்தை அதிகமாக நீளச் செய்கிறது. சார்ல்ஸ் டார்வினும் அவர் மகனும் செடிகளின் இத்தகைய அசைவுகளை ஆராய்ந்து 1880-இல் நூல் வெளியிட்டனர். காய் கனத்ததும் தண்டு தானாகக் கீழே தாழும். ஊன்றுகோல் தேவையில்லை, கோழியும் நத்தையும் எட்டா.

குறைகளையும் சொல்லவேண்டும். தொங்கும் வாளி விரைவில் காயும். காலையும் மாலையும் ஊற்றவேண்டும். ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளமானால் காயின் அடி கறுத்து அழுகும். வாளியின் நிழல் செடிமேல் விழுவதால் காய்ப்பும் சற்றுக் குறையலாம். ஆகவே அஞ்சடியில் வாளி வைக்கத் தரை இருந்தால், நேராக நட்டுக் கோல் ஊன்றுவதே மேல். தரையே இல்லாதவர்க்குத்தான் தலைகீழ் முறை.

கேமரன் மலையில் விளையும் பெரிய தக்காளியை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. அங்கே இரவு குளிர்ச்சி. ஈப்போவின் இரவு வெப்பத்தில் பெரும்பழ வகைகளின் பூக்கள் உதிர்ந்துவிடும். விதைக் கடையில் தாழ்நிலத்துக்கு ஏற்ற சிறுபழ வகையைக் கேளுங்கள். காற்று குறைந்த இடத்தில், பூக்காம்பைக் காலையில் விரலால் மெல்லத் தட்டினால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும்.

இன்னொன்று. வாளிக்குக் கீழே தட்டு வைத்து நீர் தேங்க விடாதீர்கள். அதில் ஏடிஸ் கொசு முட்டையிடும். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொசு பெருக இடங்கொடுப்பது குற்றமுமாகும்.

அம்மாமார்களே, ஐயாமார்களே, ஒரு வாளியால் குடும்பச் செலவு குறைந்துவிடாது. ஒரு ரசத்துக்குத் தேவையான பழங்கள் கிடைக்கும். பிள்ளைகளுக்கோ, செடி வாடினால் யாரையும் பழிக்குமுன் வேரையும் தண்டையும் பார்க்கவேண்டும் என்ற பாடமும் கிடைக்கும். எனக்கு அதைக் கற்பித்தவன் ஒரு மாணவன். இந்த வாரமே ஒரு வாளியைக் கழுவி வையுங்கள்.