காற்று வடித்த சைக்கிள்

சைக்கிள் பந்தயம் என்றதும் நூறு பேர் கூட்டமாய்ப் பாய்ந்து வரும் காட்சியே நம் கண்முன் நிற்கும். ஆனால் 'டைம் டிரையல்' எனப்படும் நேரப் போட்டியில் கூட்டத்திற்கே இடமில்லை. வீரர்கள் ஓரிரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்பப்படுவர். குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடப்பவரே வெற்றியாளர். முன்னே செல்பவரின் முதுகுக்குப் பின் ஒதுங்கிக் காற்றிலிருந்து தப்பிக்க வழியில்லை. ஆதலால் இப்போட்டிக்குரிய சைக்கிளின் உருவத்தைத் தீர்மானிப்பது காற்றுதான்.

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கு வரும் தோழியருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்கு! அந்தக் காற்றை மிகுதியாகத் தடுப்பது சைக்கிள் அன்று. அதன்மேல் அமர்ந்திருக்கும் உடல்.

பெல்ஜிய வீரர் எட்டி மெர்க்ஸ் 1972-இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். இதுவும் ஒருவகையில் நேரப் போட்டியே. இங்கே நேரம் நிலையானது, தூரம் மாறும். கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி, மெல்லிய உருண்டைக் குழாய்கள், கம்பி போட்ட சக்கரங்கள் என அவருடைய சைக்கிள் கண்ணுக்கு மிக இனியது. 1984-இல் அதே நகரில் இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ மோசர் 51.151 கிலோமீட்டர் ஓட்டினார். அவர் வண்டியின் சக்கரங்களில் கம்பிகளே இல்லை. தட்டுப் போன்று மூடிய சக்கரங்கள், மாட்டுக் கொம்பை ஒத்த கைப்பிடி. பார்த்தவர்கள் வியந்ததில் வியப்பில்லை.

இரு வடிவங்கள் நேருக்கு நேர் மோதியது 1989 ஜூலை 23 அன்று. மூன்று வாரங்கள் நடந்த டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் நேரப் போட்டி. பிரெஞ்சு வீரர் லோரான் ஃபினியோன் 50 நொடி முன்னிலையில் இருந்தார். அவர் வண்டியில் இரு சக்கரங்களும் தட்டுச் சக்கரங்கள். கைப்பிடி கொம்பு வடிவம். தலையில் கவசமில்லை, பின்னால் குதிரைவால் கொண்டை பறந்தது. பார்வைக்கு அவரே ராஜா! அமெரிக்கரான கிரெக் லெமாண்டின் வண்டியிலோ கைப்பிடியின் நடுவே முன்னோக்கி நீண்ட ஒரு வளைவு ஒட்டவைத்தாற்போல் இருந்தது. முழங்கைகளைத் திண்டுகளில் ஊன்றி, கைகளை ஒன்றுசேர்த்து நீட்டி, பனிச்சறுக்கு வீரரைப்போல் அவர் குனிந்திருந்தார். (அக்கைப்பிடியை வடிவமைத்த பூன் லென்னன் ஒரு பனிச்சறுக்குப் பயிற்சியாளர்தான்.) நீர்த்துளி வடிவத் தலைக்கவசமும் அணிந்திருந்தார். லெமாண்ட் 26 நிமிடம் 57 நொடியில் முடித்தார். ஃபினியோன் அன்று 58 நொடி பின்தங்கி, மொத்தக் கணக்கில் 8 நொடியில் தோற்றார். ஆண்களுக்கான டூரில் இதைவிடக் குறைந்த வித்தியாசம் இல்லை. (2024 மகளிர் டூரில் 4 நொடி!) எல்லாம் கைப்பிடியால் என்று நாம் சொல்லமாட்டோம்; லெமாண்டின் கால்களும் இருந்தன அல்லவா? ஆயினும் மறுநாள் முதல் ஃபினியோனின் கொம்புக் கைப்பிடி பழமையாகிவிட்டது.

முன்சக்கரமும் தட்டாக இருந்தால் குறுக்குக்காற்று அதைப் பாய்மரம்போல் தள்ளும், திருப்புவது கடினம். எனவே இன்றைய சாலை நேரப் போட்டிகளில் பின்சக்கரம் மட்டும் தட்டு. முன்சக்கரம் அகலமான விளிம்போடு கம்பி வைத்தது. குழாய்கள் தட்டையானவை, பிரேக் வயர்கள் உள்ளே மறைந்துவிட்டன.

மனிதனா, இயந்திரமா என்ற வழக்கும் எழுந்தது. ஆங்கிலேயர் கிறிஸ் போர்டுமேன் 1996-இல் கைகளை முழுதும் முன்னே நீட்டியபடி 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். அந்நிலை பிறகு தடை செய்யப்பட்டது. 2000-இல் சர்வதேசச் சைக்கிள் சங்கம், மணிநேரச் சாதனைக்கு மெர்க்ஸ் காலத்து வடிவையே விதியாக்கியது. அதே போர்டுமேன் அத்தகைய வண்டியில் 49.441 கிலோமீட்டர்தான் ஓட்டினார். மெர்க்ஸைவிட வெறும் 10 மீட்டர் அதிகம்! நான்கு ஆண்டு வயது கூடியதைக் கழித்தாலும், வடிவமும் உடல்நிலையும் தந்த கொடை எவ்வளவு என்று பாருங்கள்.

அழகில் எது சிறந்தது? சுவரில் சாய்த்து வைத்தால் மெர்க்ஸின் சைக்கிளே அழகு. நேரப் போட்டிச் சைக்கிள் தனியே நிற்கையில் பாதி வரைந்த படம் போலிருக்கும். வீராங்கனை ஏறிக் குனிந்து, தலைக்கவசத்தின் வால் முதுகோடு இழைந்ததும்தான் கோடு முழுமை பெறுகிறது.

2014-இல் அந்த விதி தளர்ந்தது. 2023-இல் மெக்சிகோவின் அகுவாஸ்காலியெந்தேஸ் நகரில் இத்தாலியப் பெண்மணி விட்டோரியா புஸ்ஸி 50.267 கிலோமீட்டர் ஓட்டி, மணிக்கு 50-ஐத் தாண்டிய முதல் பெண்ணானார். மெர்க்ஸின் தூரத்தைவிட 836 மீட்டர் கூடுதல். அதில் கால்களின் பங்கு எவ்வளவு, வண்டியின் பங்கு எவ்வளவு என்பதை அவரே கணக்கிட்டுவிடலாம். ஆக்ஸ்போர்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர்.