மாரிச் சேறும் மாட்டுக் குளம்பும்

பெரும்போகத்துக்கு உழவு தொடங்கியதும் இறக்காமத்தில் மாடுகளுக்கு இடம் இல்லாமல் போய்விடுகிறது. அறுவடைக்குப் பிறகென்றால் வட்டை முழுவதும் அவற்றுக்குத்தான். தாளும் வரம்புப் புல்லும் மேய்ந்து திரியும். ஒக்டோபரில் உழவு இயந்திரம் வயலில் இறங்கிவிட்டால், பட்டிக்காரர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டோரமோ குளக்கரை மேடோ தேடிப் போக வேண்டும். போக வழியில்லாத வீட்டு மாடுகள் வளவுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். பிறகு ஜனவரி வரை மழைதான். கல்லோயாத் திட்டத்து வாய்க்கால்கள் வந்து சேரும் தாழ்ந்த பூமி இது. களி கலந்த வண்டல். நெல்லுக்கு இதைவிட நல்ல மண் கிடையாது; வாயில்லாச் சீவன் மாதக்கணக்கில் நிற்பதற்கு இதைவிடக் கெட்ட மண்ணும் கிடையாது.

மாட்டின் உடம்பில் சேறு கண்டால் நம் கை வாளியைத் தேடும். பின்னேரம் முதுகிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கால்வரை கழுவிவிட்டால்தான் மாட்டைக் கவனித்த திருப்தி வரும். வெயில் காலத்தில் அது சரி. மாரியில் தினமும் அப்படிக் கழுவுவது மாட்டுக்குக் கெடுதல்.

தோலில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு பக்டீரியா உண்டு. டெர்மடோபிலஸ் கொங்கோலென்சிஸ் என்று பெயர். காய்ந்த தோலில் அது பேசாமல் கிடக்கும். நாட்கணக்கில் ஈரம் இருந்து தோல் ஊறி, சிறு கீறலும் விழுந்துவிட்டால் உயிர்பெற்றுப் பரவும். முதுகிலும் காலிலும் பொருக்குப் பொருக்காகத் தடித்து வரும்; ஒரு பொருக்கைப் பிடுங்கினால் மயிர்க்கற்றை தூரிகை போல அதனோடு சேர்ந்து கையில் வரும். குதிரையின் கணைக்காலை வெடிக்கவைத்துப் புண்ணாக்குவதிலும் இந்தக் கிருமிக்குப் பங்குண்டு. அதனால்தான் இங்கிலாந்து, அயர்லாந்து போன்ற ஈர நாடுகளின் குதிரைக்காரர்கள், ஈரச் சேற்றைத் தேய்க்காதே, காயவிடு, காய்ந்தபின் உதிர்த்துவிடு என்பதைப் பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். ஈரத்தோடு தேய்த்தால் மண்ணின் நறுக்கு மயிரடிக்குள் போய்த் தோலைக் கீறும். அடிக்கடி கழுவினால் தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசையும் போய்விடும். நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளை யாரும் குளிப்பாட்டுவதில்லை. அவை தரையில் புரண்டு எழுந்து உதறித் தம்மைத் தாமே பார்த்துக்கொள்கின்றன.

நம் மாட்டுக்கு விலையுயர்ந்த பிரஷ் எதுவும் தேவையில்லை. கை கொள்ளுமளவு வைக்கோலை முறுக்கித் திரியாக்கினால் போதும்; பொச்சுமட்டையும் உதவும். மாட்டைக் கூரைக்குக் கீழே நிறுத்தி, சேறு வெளிறி வெடிக்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு கழுத்திலிருந்து வால்பக்கமாக, மயிர் படிந்த திசையிலேயே தேய்த்து உதிர்க்க வேண்டும். பின்தொடையின் உட்பக்கம், வயிற்றின் அடி, வாலின் அடி ஆகிய மூன்று இடங்களில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். உண்ணி ஏறியிருந்தாலும் பொருக்குக் கட்டியிருந்தாலும் கண்ணுக்குமுன் விரலுக்குத்தான் தெரியும். மாட்டைத் தேய்ப்பதில் பெரிய பயனே இதுதான். அழுக்குப் போவது இரண்டாம் பட்சம்.

எருமையின் கணக்கு வேறு. அதற்கு வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு, தோலோ கறுப்பு. உடற்சூட்டைத் தணிக்கத் தண்ணீரும் சேறும் அதற்கு வேண்டும். பூசிய சேறு ஈயையும் பேனையும் தள்ளிவைக்கும். ஆகவே எருமையைச் சேற்றிலிருந்து தடுப்பது கொடுமை. ஆனால் புரண்டு வந்தபின் இரவில் படுக்க அதற்கும் ஒரு காய்ந்த இடம் இருக்க வேண்டும்.

குளம்புக்கு வருவோம். இரவும் பகலும் சேற்றில் நின்றால் குளம்பு ஊறி இளகும். இரண்டு பிளவுக்கும் நடுவிலுள்ள மென்தோல் வெடித்தால் சாணி கலந்த சேற்றிலுள்ள கிருமி உள்ளே போய் அழுகவைக்கும். மாடு ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். கிட்டப் போனால் நாற்றம் மூக்கில் அடிக்கும். கால்நடை வைத்தியரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. அதற்கு முன்பே காப்பதற்கு, 100 லீற்றர் தண்ணீருக்கு 5 கிலோ மயில்துத்தம் கரைத்து, அதில் மாட்டை நடத்தி எடுப்பார்கள். முதலில் குளம்பைக் கழுவித்தான் இறக்க வேண்டும். சேறும் சாணியும் கலந்தால் மருந்து வீணாகிவிடும். அந்தத் தண்ணீரை வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றவே கூடாது. மயில்துத்தம் மீனுக்கு நஞ்சு. இறக்காமம் குளத்து மீனை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன.

மாரியிலும் தவறாமல் கழுவ வேண்டியது பால்மாட்டின் மடிதான். அதிலும் முலைக்காம்புகளை மட்டும் கழுவி, மாட்டுக்கு மாடு வேறு துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுக் கறக்க வேண்டும். ஈரக் காம்பைக் கறந்தால் மேலிருந்து வழியும் அழுக்கு நீர் பாலுக்குள்தான் விழும். சட்டித் தயிர் கெடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கறந்தபின் காம்பின் துவாரம் மூட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் மாடு சேற்றில் படுத்தால் மடிவீக்கம் வரலாம். கறந்த கையோடு முன்னால் புல்லைப் போட்டுவிடுங்கள். தின்னும் மாடு படுக்காது.

ஈரத்தின் கொடுமையை 2022 டிசம்பரில் கண்ணால் கண்டோம். மண்டோஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் ஓரிரு நாட்களில் செத்து விழுந்தன. காய்ந்த மயிர் தன்னிடையே காற்றைப் பிடித்துவைத்து உடற்சூட்டைக் காக்கும். நனைந்து சேறு அப்பிய மயிர் உடம்போடு ஒட்டிவிடும். அந்த உடம்பில் குளிர்காற்று பட்டால், அதுவும் வயிற்றில் தீனி இல்லாத மாட்டுக்கு, உடற்சூடு நிலைக்காது. செத்தவற்றில் பல திறந்த வெளியில் நின்றவை.

சேறு மனிதரையும் விடாது. எலி மூத்திரம் மட்டுமல்ல, நோய்பட்ட மாட்டின் மூத்திரம் கலந்த தண்ணீரும் எலிக்காய்ச்சலைத் தரக்கூடும். காலில் புண்ணோடு பட்டிக்குள் இறங்குபவர்கள் பூட்ஸ் போடுங்கள். சுகாதாரப் பிரிவினர் விவசாயிகளுக்குத் தரும் டொக்சிசைக்கிளின் மாத்திரையைப் பட்டி வேலை செய்பவர்களும் அவர்களிடம் கேட்டு எடுங்கள்.

இத்தனைக்கும் மூலம் நிற்கும் தரை. தரை சரியில்லாதவனின் மாட்டுக்கு எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. வளவில் முதலில் சேறாகும் இடங்கள் மூன்று: படலை, தண்ணீர்த் தொட்டியடி, கூரைத்தண்ணீர் விழும் இடம். கொட்டில் கூரைக்கு ஒரு பீலி வைத்துத் தண்ணீரை வெளியே விட்டாலே வாசல் பாதி காய்ந்துவிடும். படலையடியிலும் தொட்டியடியிலும் மண்ணை வழித்தெடுத்துவிட்டு, உடைகல் பரப்பி, மேலே கிரவல் போட்டு இறுக்க வேண்டும். சேற்றின் மேலேயே கிரவல் கொட்டினால் ஒரே மழையில் தாழ்ந்துவிடும். படுக்கும் இடத்தை ஒரு பக்கம் சரிவாக உயர்த்தி மணலோ உமியோ போட்டுத் தினமும் சாணியை அள்ளிவிடுங்கள். ஓரிரு மாடு வைத்திருப்பவருக்கு இது பெரிய செலவில்லை.

பெரிய பட்டிகளுக்குத் தனியொருவர் செய்து முடிக்கக்கூடிய காரியமல்ல இது. ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில், வயலிலிருந்து மாடுகளை எந்தத் தேதிக்குள் அகற்ற வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். அகற்றிய மாடுகள் எங்கே போய் நிற்பது என்பதும் அதே கூட்டத்தில், அதே தீர்மானத்தில் எழுதப்பட வேண்டும். தண்ணீர் நிற்காத ஒரு மேட்டு நிலமும், வாடைக்காற்றைத் தடுக்க ஒரு மரவரிசையும் போதும். அடுத்த கூட்டத்துக்குப் போகும் விவசாயிகளும் பட்டிக்காரர்களும் பிரதேச செயலக, கமநல அதிகாரிகளும் தயவுசெய்து இதைப் பேச்சுக்கு எடுங்கள்.