பங்களாவும் லயனும்: பாரம்பரிய விடுதிகள் யாருக்காக?

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில் உள்ள அப்புத்தளைக்கு வரும் உல்லாசப் பயணிகள் பலர் விசாரிக்கும் இடம் அடிசம் பங்களா. நகருக்கு மேற்கே, தங்கமலைக் காட்டை அடுத்து நிற்கும் இக்கருங்கல் மாளிகையை 1931 ஆம் ஆண்டில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் கட்டினார். இவர் பிரித்தானியப் பிரதமராயிருந்த ஜோன் ரஸ்ஸல் பிரபுவின் பேரன். கொழும்பின் பழம்பெரும் வர்த்தகக் கம்பனியொன்றின் தலைவராயிருந்தவர். இங்கிலாந்தில் கென்ட் பகுதியிலுள்ள கிராமமொன்றின் பெயரையே வீட்டுக்கும் சூட்டினார்.

1960 களின் தொடக்கத்தில் அது புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் கைக்கு வந்து, துறவு மடமாயிற்று. வில்லியர்ஸின் நூலகமும் வரவேற்பறையும் பேணப்பட்டு, பொதுமக்கள் பார்வைக்கு விடப்பட்டன. தோட்டத்துப் பழங்களில் துறவிகள் செய்யும் ஜாம் வகைகளை வாங்கிச் செல்லாதோர் குறைவு. முன்கூட்டியே அறிவித்து வருவோர் தங்குவதற்கு அறைகள் கொடுக்கும் வழக்கமும் அங்கு உண்டு. விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்பது அச்சபையின் ஒழுங்கு.

பழைய கட்டடங்களைத் தங்குமிடமாக்கும் முறை இன்று மலையகமெங்கும் பரவியுள்ளது. கந்தப்பளையில் மூடப்பட்டுக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலை 1996 இல் ஹோட்டலாயிற்று. 2005 இல் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் துரைமார் பங்களாக்கள் சில விடுதிகளாயின. இதற்குக் காரணம் உண்டு. 1970 களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, வெள்ளைக்காரத் துரைமார் வெளியேறினர். 1992 இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தேயிலையில் மட்டும் இலாபம் தங்காதபோது, பெரிய பங்களாவைப் பராமரிப்பதை விட அதை விருந்தினருக்கு விடுவது கம்பனிக்குச் சாதகமாயிற்று.

இதில் தவறொன்றுமில்லை. இடிந்துபோக இருந்த கட்டடம் காக்கப்படுகிறது. சிலருக்கு வேலை கிடைக்கிறது. ஆனால், பாரம்பரியம் என்பது கல்லும் கணப்படுப்பும் மட்டும்தானா?

பங்களா மேட்டில் அமைந்தது தற்செயலானதன்று. துரை மலையைப் பார்க்க வேண்டும். லயன் துரையின் கண்ணுக்குள் இருக்க வேண்டும். மேட்டில் பல அறைகளுடன் ஒரு வீடு; கீழே 10 அடிக்கு 12 அடி அறையில் ஒரு குடும்பம். இரண்டும் சேர்ந்ததே தோட்டத்தின் வரலாறு. மேலுள்ளது பாரம்பரியச் சின்னமாயிற்று. கீழுள்ளதில் இன்னும் மக்கள் வாழ்கிறார்கள்.

அதன் விலையை ஊவா மக்கள் அறிவர். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், பாதுகாப்பான காணியும் வீடும் அம்மக்களுக்கு உரிய காலத்தில் கிடைக்கவில்லை.

ஆகவே, விடுதி நடத்துவோரிடமும் அங்கு தங்குவோரிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

முதலாவது, வேலை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புல்வெட்டும் வேலை மட்டும்தானா? சமையல், வரவேற்பு, கணக்கு, முகாமைத்துவம் ஆகியவற்றில் பயிற்சி உண்டா?

இரண்டாவது, கொள்வனவு. மேசைக்கு வரும் மரக்கறியும் பாலும் முட்டையும் லயன் குடும்பங்களின் தோட்டத்திலிருந்தும் தொழுவத்திலிருந்தும் வருகின்றனவா? மகளிர் சங்கம் ஒன்று ஒழுங்காக விநியோகித்தால், அந்தப் பணம் தோட்டத்துக்குள்ளேயே சுழலும்.

மூன்றாவது, கதை. விருந்தினருக்குத் துரைமாரின் கதை சொல்லப்படுகிறது. தமிழகத்திலிருந்து நடந்து வந்து காடழித்தவர்களின் கதையையும், 1948 இல் பிரசாவுரிமை இழந்து, பலர் 2003 வரை காத்திருந்து அதைப் பெற்ற கதையையும் சொல்வது யார்? அதைச் சொல்லத் தகுதியுள்ள வழிகாட்டி லயனிலேயே இருக்கிறான்.

நான்காவது, மரியாதை. கொழுந்து பறிக்கும் தாயிடம் கேளாமல் படமெடுப்பது சுற்றுலா ஆகாது.

இக்கேள்விகள் திருச்சபையின் இல்லங்களுக்கும் பொருந்தும்; நமக்கு விதிவிலக்கு இல்லை. விருந்தினரில் கிறிஸ்துவைக் காண்பது நம் மரபு. அவ்விருந்தினருக்குத் தேநீர் ஊற்றுபவரிலும், மழையில் நனைந்து அக்கொழுந்தைப் பறித்தவரிலும் அவரைக் காணாவிட்டால், அம்மரபில் பாதியைத்தான் நாம் கைக்கொள்கிறோம்.