எரிந்து முடிந்த இடமே காப்பு

மலேசியாவின் கெடாவில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. திகாம் பத்து, சுங்கைப் பட்டாணி வட்டாரத்து ரப்பர் மரங்கள் இலை உதிர்ப்பதும் ஏறத்தாழ இதே சமயத்தில்தான். தோட்டத்துத் தரையெங்கும் சருகு மெத்தையாகக் கிடக்கும். ஓரங்களில் லாலாங் புல் காய்ந்து நிற்கும். அறுவடை முடிந்த வயலில் வைக்கோலுக்கு வைத்த நெருப்பு காற்றில் தாவினால் போதும், புல் பற்றிக்கொள்ளும்.

புல்லில் பிடித்ததுதானே என்று இந்தத் தீயை அலட்சியமாக நினைப்பதில்தான் ஆபத்து. பெருமரக் காட்டைவிடப் புல்லில் தீ வேகமாக ஓடும். சரிவில் ஏறும்போது மேலுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைப்பதால் அந்த வேகம் இன்னும் கூடும். மனிதனுக்கோ மேடு ஏற ஏறக் கால் தளரும். 2018 மார்ச் 11 அன்று தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் காய்ந்த புல் சரிவில் தீயிடம் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலையேற்றத்துக்கெனத் தமிழ்நாடு அரசு தனி விதிகளை வகுத்தது அதன் பிறகுதான்.

தீயணைப்புக்கே பயிற்சி பெற்றவர்களும் இப்படி மாண்டிருக்கிறார்கள். 1949 ஆகஸ்ட் 5 அன்று, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மேன் கல்ச் பள்ளத்தாக்கில், 16 பேரைத் தீ கீழிருந்து துரத்தியது. தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தினார். முன்னாலிருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்து, அது எரிந்த சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டார். மற்றவர்களையும் அழைத்தார். யாரும் வரவில்லை. 13 பேர் இறந்தனர்; டாட்ஜும் வேறு இருவரும் பிழைத்தனர். வராதவர்களைக் குறை சொல்ல முடியாது. பயிற்சியில் கேள்விப்படாத ஒன்றை, முதுகில் அனல் அடிக்கும் நேரத்தில் யார் நம்புவார்?

இத்தகைய மரணங்களை ஆராய்ந்தே 1957இல் அமெரிக்க வனத்துறை தீயணைப்பாளர்களுக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தது. ஆயினும் 1994இல் கொலராடோவின் சவுத் கேன்யன் தீயில் 14 தீயணைப்பாளர்கள் பலியாயினர். கட்டளைகளை மீறினார்கள் என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். அதனால் அடுத்த குழுவுக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த நேரத்தில் அந்த முடிவு அவர்களுக்கு ஏன் சரியாகப் பட்டது என்பதே பயனுள்ள கேள்வி. அதனால்தான் பல குழுக்கள் வேலை முடிந்த கையோடு கூடி உட்காருகின்றன. என்ன நினைத்துப் போனோம், என்ன நடந்தது, ஏன், அடுத்தமுறை என்ன செய்வது என்று பேசுகின்றன. பழி சுமத்தும் கூட்டமாக அது மாறினால் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள்.

பால் கிளீசன் என்ற தீயணைப்பு அனுபவசாலி 1991இல் அந்தக் கட்டளைகளையெல்லாம் நான்கே தேவைகளாகச் சுருக்கினார்: தீயைக் கண்காணிக்க ஓர் ஆள், எல்லாருக்கும் சேதி எட்டும் வழி, தப்பும் பாதை, போய் நிற்கப் பத்திரமான இடம். தோட்டத்துக்கும் இது பொருந்தும். பொம்பா (தீயணைப்பு) வண்டி வரும்வரை பச்சைக் கிளையால் புல்தீயை அடிப்பவர்களில் ஒருவர் அடிக்காமல் காற்றையும் தீயையும் மட்டும் பார்த்து நிற்கவேண்டும். அடிப்பவர்கள் தீயின் முன்னே போகாமல், எரிந்து முடிந்த பக்கத்திலிருந்தே ஓரமாக அணைத்துக்கொண்டு வரவேண்டும். காற்று திரும்பினால் அந்தக் கருகிய தரைக்கே பின்வாங்கலாம். சருகில்லாத செம்மண் பாதை அருகில் இருந்தால் அதுவும் உதவும். டாட்ஜ் செய்ததுபோல் எதிரே தீ வைப்பது பழகாதவர்களுக்கு உரியதல்ல.