பணிசும் பொரித்த கிழங்கும்

2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இலங்கையிலிருந்த மக்டொனால்ட்ஸ் உணவுச்சாலைகள் 12 மூடப்பட்டன என்ற செய்தியைப் பத்திரிகையிற் கண்டபொழுது, எமக்குக் கால் நூற்றாண்டுக்கு முந்திய ஒரு மாலைப்பொழுது நினைவுக்கு வந்தது.

அந்நிறுவனம் 1998இல் கொழும்பிற் கடை திறந்தது. யாம் அப்பொழுது மாணவர். அடுத்த ஆண்டு, கொட்டாஞ்சேனை நண்பர் ஒருவரும் யாமும் சில வாரம் காசு சேர்த்து, வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் வண்டியேறிக் கொள்ளுப்பிட்டிக்குப் புறப்பட்டோம். அக்காலத்திற் காலி வீதியிற் பயணஞ் செய்வதென்றாற் சட்டைப்பையிற் காசு இருக்கிறதோ இல்லையோ, அடையாள அட்டை இருத்தல் வேண்டும். வழியில் இறங்கி அதனைக் காட்டிவிட்டே பணிசு தின்னப் போனோம்.

உள்ளே சென்றதும் திகைத்து நின்றோம். எமது சைவக் கடைகளில் முதலில் அமர்வோம், உண்போம், பின்னரே காசு கொடுப்போம். இங்கோ முதலிற் காசு. பிறகு தட்டை நாமே சுமந்து சென்று இடந் தேடல் வேண்டும். இலையுமில்லை, கோப்பையுமில்லை. காகிதத்தைப் பிரித்து, இரு கையாலும் பற்றி, வாயை அகலத் திறந்து கடிக்க வேண்டியதாயிற்று. கோழியிறைச்சி வைத்த அப்பணிசு எமக்குச் சுவையாகவே இருந்தது, காரந்தான் போதாது. நண்பர், “மச்சான், ஒரு சம்பல் இருந்தால் நல்லாயிருக்கும்” என்றார்.

இம்முறையை வகுத்தவர் றிச்சர்ட், மொறிஸ் என்னும் மக்டொனால்ட் சகோதரர். கலிபோர்ணியாவின் சான் பேர்ணாடினோ நகரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தம் கடையை 1948இற் சில மாதம் மூடி, பரிமாறுவோரை நீக்கி, உணவு வகைகளைக் குறைத்து, தொழிற்சாலை போலச் சமையலறையை மாற்றினர். பணிசு ஒன்றின் விலை 15 சதம். 1955இல் றே குறொக் என்னும் வியாபாரி இல்லினோய் மாநிலத்திற் கிளை திறந்தார். 1961இல் 27 இலட்சம் டொலருக்குச் சகோதரரின் உரிமை முழுவதையும் வாங்கிவிட்டார். பெயர் அவர்களுடையது, பெருஞ் செல்வம் குறொக்குடையது. எமது மாணவர் இதனைக் கேட்கும்போதெல்லாம் குறொக்கின் பக்கமே நிற்கின்றனர். எமக்கு அது வியப்பே.

ஆனால் அன்றைய கதை கடையோடு முடியவில்லை. எம் தாயார் மச்சம் தொடாதவர். அவருக்கென்று பொரித்த உருளைக்கிழங்கை ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வீடு சேர்ந்தோம். கிழங்கிலே என்ன தோஷம் இருக்கமுடியும்? அம்மா அதனைக் கையில் வாங்காமலே, “உது என்ன எண்ணெயிலை பொரிச்சது, தம்பி?” என்று கேட்டார்.

எமக்கு விடை தெரியாது. கேட்டுவரவும் தோன்றவில்லை. “கிழங்கு மரக்கறிதானே அம்மா” என்று சிரித்தோம். அவரும் சிரித்தார், உண்ணவில்லை. ஆறிப்போன கிழங்கு முழுவதையும் யாமே தின்று தீர்த்தோம்.

2001ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. சியாற்றில் நகரில் ஹரிஷ் பார்த்தி என்னும் வழக்கறிஞர் மக்டொனால்ட்ஸ்மீது வழக்குத் தொடுத்திருந்தார். அந்நாட்டுக் கடைகளில் 1990 வரை மாட்டுக்கொழுப்பிற் கிழங்கு பொரித்தனர். பின்னர் மரக்கறி எண்ணெய்க்கு மாறிவிட்டதாக அறிவித்தனர். எண்ணெய் மாறியது உண்மையே. ஆயினும் கிழங்கு கடைக்கு வருமுன்னர் அதில் மாட்டிறைச்சிச் சாரம் சேர்க்கப்பட்டு வந்தது. அறிவிப்பை நம்பிப் பல ஆண்டு உண்ட சைவ உணவினர் கொதித்தெழுந்தனர். 2002இல் நிறுவனம் மன்னிப்புக் கோரி, இந்து, மரக்கறியுணவுச் சங்கங்கள் முதலியவற்றுக்கு ஒரு கோடி டொலர் கொடுக்க இணங்கியது. இந்தியாவிற் பரிமாறிய கிழங்கில் அச்சாரம் இல்லையென்று அங்குள்ள கிளை தெரிவித்தது. 1996இல் டில்லியில் தொடங்கியபோதே அது மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் விலக்கியிருந்தது.

செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். “அப்ப நான் கேட்டது பிழையில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு, உழுந்து அரைக்கப் போனார்.

இன்று எம் பிள்ளைகளோடு எந்த உணவுச்சாலைக்குப் போனாலும், எண்ணெய் எது என்று கேட்காமல் யாம் காசு நீட்டுவதில்லை. பணியாளர் முகாமையாளரை அழைக்கிறார், பின்னால் நிற்பவர்கள் பெருமூச்செறிகின்றனர், மூத்த மகள், “அப்பா, தொடங்கிவிட்டீர்களா?” என்று தூரப்போய் நின்றுகொள்கிறாள்.