முக்காடு விற்கும் கடையில் பேரேடு!

வாக்குச் சாவடிக்குள் செல்கிறோம். பெயரைச் சரிபார்க்கிறார்கள், விரலில் மை வைக்கிறார்கள், பிறகு ஒரு தட்டி மறைவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே நாம் உண்டு, நம் மனச்சாட்சி உண்டு, மூன்றாமவர் எவருமில்லை! ஆலை முதலாளி எட்டிப் பார்க்க முடியாது. ஊர்ப் பெரியதனக்காரர் உற்று நோக்க முடியாது. "யாருக்குப் போட்டாய்?" என்று கேட்டுப் பதில் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்.

அந்தத் தட்டி யாருக்காக? மாளிகைவாசிக்காகவா? அவர் எவருக்கு அஞ்சப் போகிறார்? கூலிக்காரனுக்காக, குத்தகைக்காரனுக்காக, நாளை வேலை போய்விடுமோ என்று நடுங்குகிறவனுக்காக! மறைவு எளியவனின் கவசம், தோழர்களே! அதைக் கள்ளனின் கருவி என்று மட்டும் காட்டுவோர் இந்த உண்மையை மறைக்கிறார்கள்.

சரி, செல்பேசியைக் கையில் எடுக்கிறோமே, இணையத்தில் உலவுகிறோமே, அங்கே அந்தத் தட்டி உண்டா? இல்லை! கடிதம் எழுதுகிறவன் தன் முகவரியைத் தந்தால்தானே பதில் வரும்? அதுபோல, நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போதே நமக்குரிய ஓர் எண் அங்கே போய்ச் சேர்கிறது. அதற்குத்தான் ஐ.பி. முகவரி என்று பெயர். பழைய முறையில் ஏறத்தாழ 429 கோடி எண்களே உண்டு. ஆட்கள் அதிகம், எண்கள் குறைவு. ஆகவே ஒரே எண்ணைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகின்றன செல்பேசி நிறுவனங்கள். "நூறு பேரில் ஒருவன் நான், என்னை யார் கண்டுபிடிப்பார்?" என்று எண்ணிவிடாதீர்கள். எந்த நொடியில் எந்த எண் எந்தச் சந்தாதாரரிடம் இருந்தது என்ற குறிப்பு நிறுவனத்திடம் இருக்கிறது.

"மறைநிலை என்றொரு பொத்தான் இருக்கிறதே?" என்பார் ஒரு நண்பர். இருக்கிறது. அது, உங்கள் செல்பேசியை அடுத்து எடுக்கும் தம்பியிடமிருந்து நீங்கள் பார்த்ததை மறைக்கும், அவ்வளவுதான்! முகவரி எண் வழக்கம்போல் போய்க்கொண்டேதான் இருக்கும். இந்தப் பொத்தானை நம்பியவர்கள் அமெரிக்காவில் 2020-இல் கூகுள் மீது வழக்குத் தொடுத்தார்கள். திரட்டிய பதிவுகளை அழிப்பதற்கு 2024-இல்தான் அந்த நிறுவனம் உடன்பட்டது.

அடுத்து வருகிறார் வி.பி.என். வணிகர். "என்னிடம் வாருங்கள், முக்காடு தருகிறேன்" என்கிறார். தருகிறார், பொய்யில்லை. நம் செய்தியைப் பூட்டி, தன் கணினிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தன் முகவரியில் அனுப்புகிறார். பார்க்கப்படும் தளத்துக்கு நம் எண் தெரியாது. செல்பேசி நிறுவனத்துக்கு நாம் போன இடம் தெரியாது. ஆனால் இரண்டும் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாரே! வந்தவன் யார், போன இடம் எது என இரண்டையும் அறிந்தவர் அந்த வணிகர்தான்! காவல்காரன் மாறினான், காவல் ஒழியவில்லை. அதிலும் இலவசமாகத் தருகிறேன் என்பவரிடம் இருமடங்கு எச்சரிக்கை வேண்டும். பணம் வாங்காதவர் வேறெதை விற்று வாழ்கிறார் என்று கேளுங்கள்.

இங்கேதான் அரசு நுழைந்தது. 2022 ஏப்ரல் 28-ஆம் நாள், மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு ஓர் ஆணை பிறப்பித்தது. முக்காடு விற்போர் ஒரு பேரேடு வைக்க வேண்டுமாம்! வாங்குவோரின் பெயர், முகவரி, தொடர்பு எண், எதற்காக வாங்குகிறார் என்ற காரணம் யாவும் எழுதி, 5 ஆண்டுகள் காக்க வேண்டுமாம்! எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்ட் வி.பி.என். ஆகிய நிறுவனங்கள் இதற்கு இணங்காமல், அந்த ஆண்டிலேயே இந்தியாவிலிருந்த தம் கணினிகளை அகற்றிக்கொண்டன.

வேடிக்கை அதுவன்று! பெரு நிறுவனங்கள் தம் அலுவலகத்துக்கென்று வைத்திருக்கும் வி.பி.என்.களுக்கு இந்த ஆணை பொருந்தாது என்று பிறகு விளக்கம் தந்தார்கள். கம்பெனியின் இரகசியம் கம்பெனியிடமே இருக்கலாம். கூலிக்காரனின் இரகசியம் மட்டும் பேரேட்டில் ஏற வேண்டும்! நீதி எப்படி இருக்கிறது பார்த்தீர்களா?

"குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். பிடியுங்கள், தாராளமாகப் பிடியுங்கள்! பெண்களைப் பெயர் தெரியாத முகமூடியுடன் இழிவுபடுத்தும் கயவனை, ஏழையின் வங்கிப் பணத்தைச் சுரண்டும் எத்தனைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். ஆனால், ஒரு திருடனைத் தேட ஊரார் அனைவரின் வீட்டுச் சாவியையும் முன்கூட்டியே வாங்கி வைப்பது எந்த ஊர் வழக்கம்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதில் கை வைக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும், தக்க நோக்கம் வேண்டும், அளவும் வேண்டும் என்றார்கள். அளவு எங்கே இருக்கிறது இங்கே?

ஒற்றைக் காவல்காரனை நம்பாத வழியும் ஒன்று உண்டு; அதன் பெயர் டோர். வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகப் பூட்டி, மூன்று கணினிகள் வழியே செய்தியை அனுப்புவது. முதலாவதற்கு வந்தவனைத் தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசிக்குப் போகுமிடம் தெரியும், வந்தவனைத் தெரியாது. இதன் மூலக் கருத்து 1990-களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கடற்படைக்காரர் கண்டதை ஊருக்கெல்லாம் ஏன் திறந்துவிட்டார்கள்? தருமசிந்தனையா? இல்லை! கடற்படைக்காரர் மட்டுமே அந்த வழியில் போனால், போகிறவனெல்லாம் கடற்படைக்காரன் என்று எதிரி கண்டுகொள்வானே! ஊரே அந்த வழியில் நடந்தால்தான் அவர்களுக்கும் மறைவு கிடைக்கும்.

இதற்குச் சான்று வேண்டுமா? 2013 டிசம்பரில், தேர்வைத் தள்ளிவைக்க நினைத்த ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவன் ஒருவன் டோர் வழியே பொய்யான வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினான். செய்தது குற்றம்; பிடிபட்டதும் சரி. பிடிபட்ட விதத்தைக் கவனியுங்கள். அவன் போன வழியை யாரும் உடைக்கவில்லை. பல்கலைக்கழக வலையமைப்பிலிருந்து அந்த நேரத்தில் டோரைத் தொட்டது யார் என்று குறிப்பைப் புரட்டினார்கள், அகப்பட்டுக்கொண்டான்! கூட்டமில்லாத இடத்தில் முக்காடே அடையாளம்.

ஆகவே தோழர்களே, ஆலையின் குறையை, கூலிக் குறைப்பை, பாதுகாப்பில்லாத இயந்திரத்தை வெளியே சொல்ல நினைப்பவர்கள் மனத்தில் கொள்ளுங்கள்: ஆலையின் வைஃபையிலிருந்து சொல்லாதீர்கள், ஆலை தந்த செல்பேசியில் சொல்லாதீர்கள். சொந்தப் பெயரில் நுழைந்துகொண்டு எண்ணை மட்டும் மறைப்பது, சட்டையில் பெயரைத் தைத்துக்கொண்டு முகத்தை மூடுவதுபோல! உங்கள் செல்பேசியின் திரை அளவு, எழுத்துரு, மொழி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே ஆளைத் தனியே பிரித்தறியும் முறையும் இருக்கிறது.

கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள், அதையே முழு அரண் என்று நம்பி ஏமாறாதீர்கள். சாவடித் தட்டிக்குள் ஒருவன் மட்டும் போனால் அவன்மேல் ஐயம் பிறக்கும். எல்லோரும் போவதால்தான் அது உரிமையாக நிலைக்கிறது. அந்த உரிமை கடையில் காசுக்குக் கிடைப்பதன்று. படிப்பகத்தில் பேசுங்கள், தொழிற்சங்கத்தில் தீர்மானம் போடுங்கள், வாக்குக் கேட்டு வருகிறவரிடம் நேருக்கு நேர் கேளுங்கள்: "கம்பெனிக்குத் தந்த விலக்கு எங்களுக்கு ஏன் இல்லை?"