வர்ணம் பேசும் வியாபாரம்

கடைத்தெருவில் வியாபாரி வாய்விட்டுக் கூவி அழைக்கலாம். கைப்பேசித் திரையில் கூவ முடியுமா? அங்கே வாடிக்கையாளரை முதலில் அழைப்பது நிறந்தான். வீட்டில் சாம்பார்ப் பொடி அரைத்து விற்கும் தாய்மார்களும், தறிக்காரரிடம் புடவை வாங்கி விற்கும் இளைஞர்களும் இன்று ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் தங்கள் கடைவீதியாகக் கொண்டுவிட்டார்கள். கடைக்கு வாடகை இல்லை. பெரிய முதலும் வேண்டாம். ஆனால் விரலை ஒருமுறை தள்ளினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்!

"சிவப்புப் போட்டால் சரக்குப் பறக்கும், நீலம் போட்டால் நம்பிக்கை பிறக்கும்" என்று யோசனை சொல்பவர்கள் ஏராளம். இதில் உண்மை எவ்வளவு?

நீலம் வந்த கதை

2004-ல் தொடங்கிய ஃபேஸ்புக்குக்கு நீல நிறம் வாய்த்தது எப்படி? அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மார்க் ஜூக்கர்பெர்க்குக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். நீலமே தமக்கு நன்றாகத் தெரியும் நிறம் என்று 2010-ல் ஒரு பத்திரிகையாளரிடம் அவரே கூறினார். பெரிய நிறுவனங்களின் நிறத்துக்குப் பின்னால் எப்போதும் ஆழ்ந்த மனோதத்துவம் இருக்கும் என்று எண்ணி மயங்க வேண்டாம்.

அப்படியானால் வர்ண மனோதத்துவம் வெறும் கதையா? அப்படியும் அல்ல. பாட்டம்லி, டாய்ல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உபயோகத்துக்காக வாங்கும் பொருள்களுக்கு நீலச் சின்னமும், மன மகிழ்ச்சிக்காக வாங்கும் பொருள்களுக்குச் சிவப்புச் சின்னமும் பொருத்தமாகத் தோன்றுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே, "எந்த நிறம் ராசியானது?" என்று கேட்பதில் பயனில்லை. "என் சரக்குக்கு எது பொருந்தும்?" என்று கேட்க வேண்டும்.

ஊரும் வழக்கமும்

நிறத்தின் பொருள் ஊருக்கு ஊர் மாறும். மேல்நாட்டில் மணப்பெண் உடுத்துவது வெள்ளை. நம் பக்கத்தில் மங்கலத்துக்கு மஞ்சளும் குங்குமமும். நம் நாட்டில் உணவுப் பொட்டலத்தின் மேல் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம் என்று குழந்தைக்கும் தெரியும். கருவாட்டுத் தொக்கு விற்பவர் அழகுக்காக முழுப் பச்சையில் விளம்பரம் போட்டால், சைவக்காரர் ஏமாந்து வாங்கக்கூடும். பிறகு வரும் வசவு யாருக்கு?

தனித்து நிற்கட்டும்

ஒரே மாதிரியான பலவற்றின் நடுவே வேறுபட்டு நிற்கும் ஒன்று மனத்தில் நன்கு பதிகிறது என்பதை ஜெர்மன் மனோதத்துவ அறிஞர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் 1933-ல் எடுத்துக் காட்டினார். பக்கத்துப் பொடி வியாபாரிகள் எல்லோரும் சிவப்பில் இருந்தால், நீங்கள் கத்தரிப்பூ நிறத்தை எடுத்துப் பாருங்கள். எடுத்த நிறத்தை மாதம் ஒருமுறை மாற்றாதீர்கள். இரண்டு நிறம் போதும். எழுத்தும் பின்னணியும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. வெள்ளையில் மஞ்சள் எழுத்து வெயிலில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

நிறம் பொய் சொல்லலாமா?

எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் இதுதான். புடவை விற்பவர் மஞ்சள் விளக்கின் கீழ்ப் படம் பிடித்து, இயந்திரத்தின் உதவியால் பளபளப்பும் ஏற்றிவிடுகிறார். படத்தில் மாம்பழ நிறம். பார்சலைப் பிரித்தால் மங்கிய சந்தன நிறம்! புடவை திரும்பி வருகிறது. தபால் செலவு நஷ்டம், வாடிக்கையாளரும் நஷ்டம். பெரிய கடைக்கு இது ஒரு கொசுக்கடி. சிறு வியாபாரிக்கோ அந்த வார லாபமே போய்விடும். பகல் வெளிச்சத்தில், நிழலான இடத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்துப் படம் எடுங்கள். காகிதம் வெள்ளையாகத் தெரிந்தால் புடவையின் நிறமும் பெரும்பாலும் சரியாகவே தெரியும்.

நிறம் வாடிக்கையாளரை வாசல் வரை அழைத்து வரும். மறுமுறையும் அவரை வரவழைப்பது சரக்கும் நாணயமும்தான். அந்த நாணயத்துக்குச் சாயம் பூச வேண்டியதில்லை!